வேலியும் வெளியும்: திறந்தவெளி இசைவிழாக்களின் வரலாறு

கூரையற்ற இடத்தில் கூடியிருப்பது எமக்குப் புதியதொன்றன்று. கோயில் வீதியின் வெண்மணலிலே பனையோலைப் பாயை விரித்து, விடியும்வரை மேளம் கேட்டவர்கள் நாம். பின்னொரு காலத்தில் மரநிழலிலும் பாடசாலை முற்றத்திலும் பொதிகளோடு இரவுகளைக் கழித்தவர்களும் நாமே. ஆகவே, மக்கள் வெட்டவெளியில் திரளாகக் கூடி இசை கேட்கும் விழாக்களை மேலைநாட்டு இளைஞரின் கேளிக்கை என்று ஒதுக்கிவிட எம்மால் இயலாது. அவ்விழாக்களின் வரலாற்றில் எமது கதையும் கலந்திருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் நகரை அடுத்து அமைந்துள்ள ஊர் வெஸ்ட் வின்ட்சர். நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே ஓடும் புகையிரதப் பாதையின் பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையம் இவ்வூரிலேயே இருப்பதால், பெருநகருக்கு வேலைக்குச் சென்றுவரும் தெற்காசியக் குடும்பங்கள் பல இங்கு குடியேறியுள்ளன. வெஸ்ட் வின்ட்சரிலும் அயலூர்களான ஹமில்ரன், லோரன்ஸ் ஆகியவற்றிலுமாக ஏறத்தாழ 2,500 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது மேர்சர் கவுண்டிப் பூங்கா. பெரியதோர் ஏரியும் விளையாட்டுத் திடல்களும் விழா மைதானமும் அங்குண்டு. கோடை பிறந்ததும் அம்மைதானத்தில் மேடை எழுகிறது, இசையும் எழுகிறது.

இத்தகைய விழாவுக்கு வரும் குடும்பங்களின் வழக்கம் கவனிக்கத்தக்கது. வெயில் தணியுமுன்னரே மடக்குக் கதிரைகளையும் போர்வைகளையும் குளிர்பெட்டியையும் சுமந்துகொண்டு வந்து, புல்வெளியில் தமக்கென ஓரிடத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். மேடைக்கு அருகே இளைஞர் நிற்பர். நடுவே குடும்பங்கள் அமர்ந்திருக்கும். கடைசியில், மர ஓரமாக, குழந்தைகளை ஓடவிட்டு முதியோர் இளைப்பாறுவர். யாரும் வரைந்து கொடுக்காத இந்த ஒழுங்கு தானாகவே அமைந்துவிடுகிறது. பக்கத்துப் போர்வையில் இருப்பவர் யாரென்று தெரியாது. ஆயினும் மழைத்துளி விழுந்தால் அவரது பிளாஸ்ரிக் விரிப்பின் ஒரு மூலை எமது பிள்ளைக்கும் கிடைக்கிறது.

எமது குடும்பங்களுக்கு இந்த அனுபவம் இலகுவில் வாய்ப்பதில்லை. சனத்திரளைக் கண்டால் வெளியேறும் வழி எதுவென முதலில் தேடும் கண்கள் எம்முடையவை. சீருடை அணிந்தவரைக் கண்டதும் கை தானாகவே அடையாள அட்டையைத் தடவுகிறது. விழா முடிவில் வாணவேடிக்கை தொடங்கும்போது, இங்கு பிறந்த பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரிக்கையில், பெற்றோர் சிலர் முகம் வெளிறி நிலத்தை நோக்குகின்றனர். எமது கோயில் திருவிழாக்களிலும் வாணம் விடப்பட்டது; அன்று அதனை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தவர்கள் நாமே. இடையில் வந்த போர், அதே ஓசைக்கு வேறு பொருளைக் கற்பித்துவிட்டது.

வீதியே அரங்கு

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் வருடாந்த மகோற்சவம் என்பது வழிபாடாக மட்டும் நின்றதில்லை. அது அயலூர்கள் அனைத்துக்கும் உரிய இசைவிழாவாகவும் விளங்கிற்று. ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருந்தார். நேற்றைய உபயகாரர் அழைத்த மேளத்திலும் சிறந்த மேளத்தை இன்று அழைக்க வேண்டும் என்ற போட்டி அவர்களிடையே நிலவியது. அதனால் அளவெட்டி, இணுவில் ஆகிய ஊர்களின் கலைஞர்களும் தமிழகத்திலிருந்து வருவிக்கப்பட்ட கலைஞர்களும் ஒரே வீதியில் ஒருவரையொருவர் எதிர்கொண்டனர். இரவிரவாக நீளும் அந்த மேளச்சமாவைக் கேட்க மாட்டுவண்டில் கட்டி வந்தோர் உண்டு. துவிச்சக்கர வண்டியில் வந்தோர் உண்டு. கால்நடையாக வந்தோரும் உண்டு.

நாதஸ்வரமும் தவிலும் வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள். இரண்டரை அடிக்கும் மேற்பட்ட நீளமுடைய நாதஸ்வரம் பெரும்பாலும் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. தவிலின் உடல் பலாமரத்தில் குடையப்படுகிறது. தவில்காரர் ஒரு கை விரல்களில் கெட்டியான கூடுகளை அணிந்தும், மறுகையில் கழியைப் பிடித்தும் வாசிக்கிறார். ஒலிபெருக்கி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, நாலு வீதிக்கும் கேட்கத்தக்க ஓசையை இவ்வாத்தியங்கள் தந்தன. சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிக்கும். தொலைவில் வயலில் நிற்பவன் அதனைக் கேட்டே சுவாமி வெளியே வந்துவிட்டதை அறிந்துகொள்வான். இசையே ஊருக்கு அறிவித்தலாகவும் அமைந்த காலம் அது.

அக்காலத்தின் உச்சமாக விளங்கியவர் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்த அவர், அளவெட்டியைத் தமது ஊராகக் கொண்டு, தமிழகத்தின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்குத் தவில் வாசித்துக் கடல் கடந்தும் புகழ் பெற்றார். 1975இல், நாற்பத்திரண்டு வயதை எட்டுமுன்னரே மறைந்தார். தமிழகத்து இயக்குநர் அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படம் ஒன்றை உருவாக்கியுள்ளமை, அவரது பெயர் இன்றும் இரு கரைகளிலும் வாழ்கிறது என்பதற்குச் சான்றாகும். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும் அவ்வாறே பல தலைமுறைகளின் செவியில் நிலைத்தது.

இக்கலைஞர்களை உருவாக்கியதில் வீதியில் இருந்த ரசிகர்களுக்கும் பங்குண்டு. பள்ளியில் இசை பயிலாத கமக்காரரும் கடைக்காரரும் கேள்வி ஞானத்தால் தாளத்தை விரலில் எண்ணினர். தவிலில் ஒரு கணக்கு எங்கே வந்து முடியவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சரியான இடத்தில் விழுந்தால் கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக ஆர்ப்பரிக்கும்; பிசகினால் மௌனமே தீர்ப்பாகும். நுழைவுச் சீட்டு இல்லாத அரங்கில், பிடிக்காத போது எழுந்து கச்சான் கடைக்குப் போய்விடும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருந்தது. அந்த உரிமையே கலைஞனை விழிப்பாக வைத்திருந்தது.

கண்ணுக்குத் தெரியாத வேலி

ஆயினும், கடந்த காலத்தை முழுவதும் பொன்னாகப் பூசிவிடல் வரலாறாகாது. அந்த வீதியிலும் வேலி இருந்தது. கம்பியாலோ கதியாலாலோ ஆகாத வேலியாதலால் அது பலரின் கண்ணுக்குத் தெரியவில்லை. யார் உள்வீதி வரை வரலாம், யார் வெளிவீதியோடு நிற்கவேண்டும், யார் தூரத்தில் நின்று காதால் மட்டும் கேட்கவேண்டும் என்பதையெல்லாம் சாதியே வகுத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் பல கோயில்களின் கதவுகள் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன்னே நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டம் எமது வரலாற்றில் மறக்கவொண்ணாதது. நாதஸ்வரத்தின் ஓசை அக்கோயிலின் மதிலைத் தாண்டி வந்தது. அதனைக் கேட்டவர்கள் மதிலைத் தாண்டி உள்ளே செல்ல முடியவில்லை.

வாசித்தவர்களின் நிலையும் அத்தகையதே. ஊர் முழுவதும் கொண்டாடிய கலைஞனுக்கு, கச்சேரி முடிந்தபின் அதே மரியாதை எல்லா வீட்டுத் திண்ணைகளிலும் கிடைக்கவில்லை. தமிழகத்தில் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), நாதஸ்வரக்காரர் நின்றே வாசிக்கவேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்து, மற்றைய வித்துவான்களைப் போலவே மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டினார். ஒரு மனிதர் அமர்வதற்கே இவ்வளவு போராட வேண்டியிருந்தது.

காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றின் கதையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. 1847இல் மறைந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, அவ்விடத்தைப் பெற்றுத் தாம் ஈட்டிய செல்வத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த அப்பெண்மணி 1925இல் அதற்குக் குடமுழுக்கும் செய்வித்தார். ஆனால், ஆராதனை விழாவை நடத்திய ஆடவர் குழுக்கள் அங்கு பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை. கோயிலைக் கட்டியவருக்கே அதில் பாட இடமில்லாது போயிற்று! அவர் பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த குழுக்கள் ஒன்றிணைந்தன. அதன்பின் பெண்களும் ஒரே பந்தலின் கீழ்ப் பாடினர். இன்று ஆண்டுதோறும் ஆற்றங்கரையில் நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கூடிப்பாடும் காட்சி, அப்பெண்மணியின் பிடிவாதத்துக்குக் கிடைத்த பலனாகும்.

வீழ்ந்த வேலி: வூட்ஸ்டொக் 1969

இனி அமெரிக்க மண்ணுக்கு வருவோம். றோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோட் நகரில் 1954இல் தொடங்கிய ஜாஸ் விழா, அந்நாட்டில் திறந்தவெளி இசைவிழா மரபுக்கு வழிகோலியவற்றுள் முக்கியமானது. 1969ஆம் ஆண்டு கோடையில் அம்மரபு பெருவெள்ளமாகப் பெருகிற்று. ஓகஸ்ட் முதல் மூன்று நாட்களில் நியூ ஜேர்சியிலேயே, அத்லாண்டிக் சிற்றிக் குதிரைப் பந்தயத் திடலில் நடைபெற்ற விழாவுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். இரண்டு வாரங்கள் கழித்து, அதே மாதம் 15ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் வூட்ஸ்டொக் விழா தொடங்கியது. வெஸ்ட் வின்ட்சரிலிருந்து சில மணி நேரக் கார்ப் பயணத்தில் அவ்விடத்தை அடையலாம்.

வூட்ஸ்டொக் விழாவின் முன்கதை ஓர் அகதியின் கதையை ஒத்தது. முதலில் இடம் தருவதாக இருந்த வோல்கில் என்ற ஊர், இந்த இளைஞர் கூட்டம் எமக்கு வேண்டாம் என்று ஜூலையில் தடைவிதித்தது. விழாவுக்கு ஒரு மாதமே இருக்கையில் அமைப்பாளர் வேறிடம் தேடி அலைந்தனர். மக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரர் தமது நிலத்தை வாடகைக்குக் கொடுக்க முன்வந்தார். அயலவர் அவரை எதிர்த்தனர். அவரது பாலை வாங்காதீர் என்று அறிவித்தல் வைத்தனர். அவரோ பின்வாங்கவில்லை.

கால அவகாசம் குறைந்தமையால், மேடையை முடிப்பதா வேலியை முடிப்பதா என்ற நெருக்கடி அமைப்பாளருக்கு ஏற்பட்டது. அவர்கள் மேடையை முடித்தனர். மூன்று நாட்களுக்கும் முற்பணச் சீட்டின் விலை 18 டொலர். ஏறத்தாழ 1,86,000 சீட்டுகள் விற்றிருந்தன. ஆனால், வந்தவர்களோ நான்கு இலட்சத்துக்கும் அதிகம். அரைகுறையாக நின்ற வேலியைக் கூட்டம் கடந்துவிட்டது. விழா இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. வீதிகள் அடைபட்டன, மழை கொட்டியது, நிலம் சேறாயிற்று, உணவு தீர்ந்தது. அப்போது முன்னர் எதிர்த்த ஊரவரில் பலர் தம் வீட்டு அலுமாரிகளைத் திறந்தனர். மொண்டிசெல்லோ நகரின் யூத சமூக நிலையத்துப் பெண்கள் பெருந்தொகையான சான்ட்விச்களைத் தயாரித்து அனுப்பினர். சிலர் தண்ணீரைக் காசுக்கு விற்பதை அறிந்து வெகுண்ட யாஸ்கர், தமது வீட்டில் தண்ணீரை இலவசமாக வழங்கினார். எமது திருவிழாக்களின் தண்ணீர்ப் பந்தலை அறிந்தவர்களுக்கு இச்செயலின் அருமையை விளக்கவேண்டியதில்லை.

அந்த நாட்களில் உலங்கு வானூர்திகள் பாடகர்களை ஏற்றி வந்தன. மருந்தையும் உணவையும் கொண்டு வந்தன. வானில் அவ்வோசை கேட்டதும் மக்கள் மகிழ்ந்து கையசைத்தனர். அவ்வோசை கேட்டுப் பதுங்கு குழிக்கு ஓடிய எமக்கு, ஒரே இயந்திரம் மனிதருக்கு எவ்வளவு வேறுபட்ட பொருளைத் தரமுடியும் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தியாகும்.

தொடக்கவுரை ஆற்றிய தமிழர்

வாசகர்களில் பலர் அறிந்திராத செய்தி ஒன்றுண்டு. வூட்ஸ்டொக் விழாவின் முதல்நாளில், கறுப்பினப் பாடகர் றிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்தபின், மேடையில் அமர்ந்து தொடக்கவுரை ஆற்றியவர் ஒரு தமிழர். கோயம்புத்தூர் மாவட்டத்தின் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவே அவர். தமது குருவான சுவாமி சிவானந்தரால் 1953இல் இலங்கைக்கு அனுப்பப்பட்ட அவர், திருகோணமலையிலும் கண்டியிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 1966இல் அமெரிக்கா சென்று அங்கேயே நிலைத்தார். எமது மண்ணின் உப்பை உண்ட ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய இசைக்கூட்டங்களுள் ஒன்றை அமைதிப்படுத்தும் பொறுப்பை ஏற்றார் என்பது எமது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தியன்றோ?

அன்றிரவு மழையின் நடுவே சித்தார் வாசித்தார் பண்டிட் ரவி சங்கர். இரண்டு ஆண்டுகள் முன்னர் கலிபோர்னியாவின் மொன்ரறே விழாவில் வாசித்தபோது அவர் நிறைவடைந்திருந்தார். வூட்ஸ்டொக்கில் அந்நிறைவு கிட்டவில்லை என்பதையும், போதைப்பொருளோடு தமது இசையைச் சேர்த்து நோக்கியமை தம்மை வருத்தியது என்பதையும் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாகவே கூறினார். வேலி வீழ்ந்ததைப் போற்றுவோர் இக்குறையையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

அதே ரவி சங்கர் 1971இல் தமது நண்பர் ஜோர்ஜ் ஹரிசனை அணுகினார். கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரிலிருந்து தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஓகஸ்ட் 1ஆம் நாள் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் இரு காட்சிகளாக நடந்த கச்சேரிக்கு 40,000 பேர் வந்தனர். அது கூரையுள்ள மண்டபத்தில் நடந்ததாயினும், திறந்தவெளி விழாக்கள் ஈன்ற பெருங்கூட்டத்தின் பலத்தை முதன்முதலாகப் பெருமளவில் அகதிகளின் பக்கம் திருப்பிவிட்ட நிகழ்ச்சி அதுவே எனலாம். கிடைத்த பணம் யுனிசெப் நிறுவனத்தின் ஊடாக அகதிகளின் நிவாரணத்துக்கு வழங்கப்பட்டது.

வேலி இல்லாமை மட்டும் போதுமா?

வூட்ஸ்டொக் முடிந்து நான்கு மாதங்கள் ஆவதற்குள், 1969 டிசம்பர் 6ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியை அடுத்த அல்ரமொண்ட் ஓட்டப்பந்தயத் திடலில் இன்னொரு இலவசக் கச்சேரி நடைபெற்றது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் கூடினர். அங்கும் நுழைவுச் சீட்டு இல்லை. ஆனால், பொறுப்பான திட்டமும் இல்லை. மேடை தாழ்வாக இருந்தது. அதனைக் காக்கும் வேலை மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றிடம் விடப்பட்டது. மெரடித் ஹன்ரர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் மேடைக்கு முன்னே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். வேறு மூவரும் அன்று உயிரிழந்தனர். வேலியை எடுத்துவிட்டால் மட்டும் அன்பு பிறந்துவிடாது என்பதை அல்ரமொண்ட் உலகுக்கு உணர்த்திற்று.

எம்மவர் மத்தியிலும் அண்மைக்காலத்தில் இத்தகைய பாடங்கள் கிடைத்துள்ளன. 2023 செப்ரெம்பர் 10ஆம் நாள் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடைபெற்ற ஏ. ஆர். ரகுமானின் திறந்தவெளிக் கச்சேரியில், சீட்டு வாங்கியிருந்த பலர் உள்ளே செல்ல முடியாமல் நெரிசலில் சிக்கித் திரும்பினர். 2024 பெப்ரவரி 9ஆம் நாள் யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிகரனின் இசை நிகழ்ச்சி இடம்பெற்றபோது, காசு கொடுத்தோருக்கான பகுதியையும் இலவசப் பகுதியையும் பிரித்த தடைகளைத் தாண்டி இளைஞர் முன்னே சென்றனர். நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது.

முற்றவெளியில் நடந்ததை இளைஞரின் ஒழுக்கக்கேடு என்று ஒரே சொல்லில் முடித்தவர்கள் பலர். அவர்களது செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. கூட்டம் முண்டியடித்தால் முதலில் நசுங்குவது குழந்தையும் முதியவருமே. ஆயினும், ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கோயில் வீதியில் முன்னுக்கு இருப்பவனுக்கும் பின்னுக்கு இருப்பவனுக்கும் இடையே ஒரு பாயின் தூரமே இருந்த ஊரில், காசின் அளவால் தூரத்தை வகுத்த அரங்கு திடீரென வந்து நின்றபோது, அதனை ஏற்கும் பழக்கம் அந்த இளைஞருக்கு எங்கிருந்து வரும்? ஊரடங்கிலும் முட்கம்பிக்கு நடுவிலும் வளர்ந்தோரின் பிள்ளைகள் அவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டு மாவிட்டபுரமும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே ஓரிரவில் பெயர்ந்தது. இரவுத் திருவிழாவும் மேளச்சமாவும் மங்கிப்போன அந்த ஆண்டுகளில், பெருங்கூட்டத்தில் ஒழுங்காக அமர்ந்து இசை கேட்கும் பண்பாடு ஒரு தலைமுறைக்குக் கைமாறாமலே போய்விட்டது. இழந்த வீட்டைக் கணக்கெடுத்தோம். இழந்த காணியைக் கணக்கெடுத்தோம். இந்த இழப்பை எவரும் கணக்கெடுக்கவில்லை.

மீண்டும் தளிர்க்கும் அறிகுறிகளும் இல்லாமலில்லை. போர் முடிந்து இரு ஆண்டுகளில், 2011 மார்ச் மாதத்தில், நோர்வே நாட்டின் இசை அமைப்பொன்றின் துணையோடு யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் இசைவிழா நடைபெற்றது. நாட்டுக்கூத்தும் கிராமிய இசையும் வெளிநாட்டுக் கலைஞரின் இசையும் ஒரே மைதானத்தில் ஒலித்தன. கனடாவின் ஸ்காபரோவில் 2015 முதல் மார்க்கம் வீதியில் தமிழர் தெருவிழா நடைபெறத் தொடங்கிற்று. அங்கும் நுழைவுச் சீட்டு இல்லை. பாரிஸ் மாநகரின் லா சப்பல் பகுதியில் ஆண்டுதோறும் பிள்ளையார் தேர் வீதிவலம் வரும்போது, நாதஸ்வரமும் தவிலும் பிரெஞ்சு மக்களின் மாடி யன்னல்களைத் திறக்க வைக்கின்றன.

நாம் எவ்வேலியை எழுப்பப் போகிறோம்?

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது இசைவிழாக்கள் பெரும்பாலும் மண்டபத்துக்குள்ளேயே நடைபெறுகின்றன. குளிரும் மழையும் அதற்குக் காரணங்கள் எனினும், அவை மட்டுமே காரணமல்ல. மண்டபத்தில் முன்வரிசை என்று ஒன்றுண்டு. அதில் பிரமுகர்களின் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கும். நன்கொடையாளருக்கு ஒரு விலை, குடும்பத்துக்கு ஒரு விலை, மாணவருக்கு ஒரு விலை என்று சீட்டுகள் அச்சாகும். புதிதாக வந்து அகதி விண்ணப்பத்தின் முடிவை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்துக்கு அவற்றில் எதுவும் கட்டுப்படியாவதில்லை. நாலு பேருக்குச் சீட்டு வாங்கும் காசு அவர்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவு. அவர்கள் வராதிருப்பதை, அவர்களுக்குக் கலையில் ஈடுபாடில்லை என்று நாம் பொருள்கொள்கிறோம்.

வெஸ்ட் வின்ட்சரின் பூங்கா போன்ற பொது மைதானங்கள் ஏறத்தாழ எல்லா நகரங்களிலும் உள்ளன. உரிய காலத்தில் விண்ணப்பித்து, காப்புறுதி எடுத்து, துப்புரவுக்கும் முதலுதவிக்கும் பொறுப்பேற்றால் அவற்றை விழாவுக்குப் பெறலாம். எமது விழாக் குழுக்கள் ஆண்டில் ஒரு மாலைப்பொழுதையாவது இவ்வாறு வெளியில் நடத்த முன்வரவேண்டும். அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டாம். செலவுக்கு உண்டியல் வைக்கலாம். உணவுக் கடைகளிடம் வாடகை பெறலாம். நாதஸ்வர, தவில் கலைஞர்களை வரவேற்பு ஊர்வலத்தோடு முடித்து அனுப்பிவிடாமல், மேடையில் அமர்த்தி, இரண்டு மணி நேரமாவது வாசிக்கச் செய்யவேண்டும். அவர்களுக்குரிய சன்மானத்தை விழாவன்றே கையில் கொடுக்கவேண்டும்.

கதிரைகளின் முன்வரிசையை முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் ஒதுக்கலாம். பிரமுகர்கள் புல்லில் அமர்ந்தால் அவர்களது மதிப்புக் குறைந்துவிடாது. வாணவேடிக்கை வேண்டுமா என்பதையும் சிந்தித்தல் நன்று. வேண்டுமெனில் அதன் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தல் எமது மக்கள் மீது காட்டும் சிறு கருணையாகும். தண்ணீர்ப் பந்தல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஊர்ப்பெயரோ சாதியோ விசாரியாமல் எல்லோருக்கும் ஒரே குவளையில் மோர் கொடுக்கட்டும்.

எமது பிள்ளைகள் இந்நாட்டு இசைவிழாக்களுக்குச் செல்லத்தான் போகிறார்கள். அவர்களைத் தடுப்பதால் பயனில்லை. அவர்களோடு ஒருமுறை சென்று, ஒரு போர்வையில் அமர்ந்து, அவர்கள் விரும்பும் இசையை முழுவதும் கேட்டுவிட்டு, மல்லாரி என்றால் என்ன, மேளச்சமா எப்படி நடந்தது, மாவிட்டபுரத்தின் வாசலில் யார் தடுத்து நிறுத்தப்பட்டார்கள் என்பவற்றை அவர்களுக்குச் சொல்வோம். இரண்டு பக்கக் கதையும் தெரிந்த பிள்ளை, நாளை ஒரு விழாவுக்குப் பொறுப்பேற்கும்போது வேலியை எங்கே போடுவது, எங்கே போடாதிருப்பது என்பதைத் தானே அறிந்துகொள்ளும். கோடைகாலத்துக்கான மைதான விண்ணப்பங்களைப் பல நகரசபைகள் குளிர்காலத்திலேயே ஏற்கத் தொடங்கிவிடுகின்றன. விழாக் குழுக்கள் இதனை இப்போதே கவனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.